பிரில் சரியாக விழவில்லையா? கோளாறைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

உடையின் ஓரத்தில் சுருக்காகவோ அலையாகவோ விழும்படி தைக்கும் துணிப் பட்டைதான் பிரில். அது கோணலாக வந்தால் பலர் உடனே பிரித்துவிட்டு, அதே துணியை மறுபடி சுருக்கித் தைப்பார்கள். மறுபடியும் அப்படியேதான் வரும். காரணம், சுருக்கும்போது கண்ணில் படும் கோளாறுகளில் பாதி அங்கே பிறந்ததே இல்லை. துணியை எந்தத் திசையில் வெட்டினோம், எத்தனை மடங்கு எடுத்தோம், ஓரத்தை எப்போது அடித்தோம் என்பதிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. அதனால் சீம் ரிப்பரை (தையல் பிரிக்கும் கருவியை) எடுக்கும் முன் உங்கள் பிரில்லில் தெரியும் குறை கீழே எந்தத் தலைப்பில் வருகிறது என்று பாருங்கள். சில குறைகளுக்கு ஒன்றரை அங்குலம் பிரித்தால் போதும். சிலவற்றுக்கு எவ்வளவு பிரித்தாலும் பயனில்லை, புதிதாக வெட்டத்தான் வேண்டும். எது எந்த வகை என்று தெரிந்துவிட்டால் பாதி நேரம் மிச்சம்.

சுருக்கு நூலை இழுத்ததும் அறுந்துவிடுகிறது

முதலில் தையலின் நீளத்தைப் பாருங்கள். சாதாரணமாகத் தைக்கும் 2.5 மி.மீ. தையலிலேயே சுருக்கப் பார்த்தால் நூல் நகராது, அறுந்துதான் போகும். சுருக்குத் தையலுக்கு 4 முதல் 5 மி.மீ. வேண்டும். அப்புறம் மேல் நூலின் டென்ஷனை (இறுக்கத்தை) ஓரிரு எண் குறைத்துவிடுங்கள். அப்போது பாபின் நூல் (மெஷினின் அடியில் சின்ன உருளையில் சுற்றிய நூல்) துணியின் அடியில் நேர்கோடாகக் கிடக்கும், மேல் நூல் அதைச் சுற்றித் தளர்வாகப் போகும். இழுக்க வேண்டியது அந்த நேர்கோட்டு நூலை, அதாவது பாபின் நூலை மட்டும். மேல் நூலையும் சேர்த்து இழுத்தால் இரண்டும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும்.

இரண்டு முனையிலும் பின்தையல் போடாமல், கையில் பிடிக்கிற அளவுக்கு நூலை நீளமாக விட்டு வெட்டுங்கள். இரு முனைகளிலிருந்தும் நடுவை நோக்கி இழுக்க வேண்டும். ஒரே முனையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் இழுப்பது நூலுக்குத் தாங்காத வேலை. நீளமான பட்டையாக இருந்தால் சுருக்குத் தையலைக் கால் பாகம் கால் பாகமாக நிறுத்தி, அடுத்த பாகத்தைப் புதிதாகத் தொடங்குங்கள். நூலும் முக்கியம். பருத்தி நூலைவிடப் பாலியஸ்டர் நூல் இழுப்பைத் தாங்கும். பாபினில் மட்டும் வேறு நிற நூல் போட்டால் எதை இழுப்பது, பிறகு எதை உருவுவது என்ற குழப்பமே வராது.

டெனிம், வெல்வெட் போன்ற கனத்த துணியில் இதெல்லாம் செய்தும் அறுகிறதா? அங்கே தையலை இழுப்பதையே விட்டுவிடுங்கள். தையல் வர வேண்டிய கோட்டுக்குச் சற்று வெளியே, ஓரத்துப் பக்கமாக, கெட்டியான குரோஷா நூலை நீளவாக்கில் வைத்து, அதன் இருபுறமும் ஊசி விழும்படி அகலமான ஜிக்ஜாக் தையல் போட்டுக்கொண்டே போங்கள். ஊசி அந்தக் கெட்டி நூலைக் குத்தவே கூடாது. முடித்ததும் கெட்டி நூலை இழுத்தால் துணி அதன்மேல் வழுக்கிச் சுருங்கும். பாதியில் நின்றுவிட்டால் அந்த இடத்தில் ஊசி நூலைக் குத்தியிருக்கிறது என்று பொருள். அந்த ஓரிரு ஜிக்ஜாக்கை மட்டும் பிரித்துவிட்டு மறுபடி இழுங்கள்.

ஏற்கெனவே அறுந்துவிட்டது, ஆனால் இரண்டு வரிசை தைத்திருந்தீர்கள் என்றால் மீதி இருக்கும் வரிசையை வைத்தே சமாளிக்கலாம். இரண்டும் போயிருந்தால் அறுந்த பாகத்தில் மட்டும், இருபுறமும் ஒரு அங்குலம் ஏறும்படி புதுத் தையல் போடுங்கள்.

ஓரிடத்தில் குவிந்திருக்கிறது, இன்னோரிடத்தில் சப்பையாக இருக்கிறது

பிரில் பட்டையையும், அது சேர வேண்டிய ஓரத்தையும் தனித்தனியாக நாலாக மடித்து, மடிப்புகளில் சின்னதாகக் கட் கொடுங்கள் அல்லது சாக்கால் குறியிடுங்கள். நீளம் அதிகமானால் எட்டாக. குறியோடு குறி சேர்த்துக் குண்டூசி குத்திய பிறகுதான் நூலை இழுக்கத் தொடங்க வேண்டும். முழுப் பட்டையையும் தனியாகச் சுருக்கிவிட்டு, பிறகு உடையில் வைத்துச் சரிசெய்யலாம் என்று நினைத்தால்தான் இந்தக் கோளாறு வருகிறது. பட்டையின் இணைப்புத் தையல் உடையின் பக்கத் தையலோடு ஒத்துப்போகாவிட்டால் கவலைப்படாதீர்கள். குறிகள் ஒத்துப்போனால் போதும். இணைப்பு சுருக்குக்குள் ஒளிந்துகொள்ளும்.

ஒவ்வொரு பாகமும் அளவுக்கு வந்ததும் நூலின் முனையைக் குண்டூசியைச் சுற்றி எட்டு வடிவில் சுற்றி நிறுத்துங்கள். பிறகு விரல் நுனியால் சுருக்குகளை நகர்த்திப் பரப்புங்கள். பரப்பியபின் ஒரு சின்ன வேலை இருக்கிறது. பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். சுருக்கிய மேல் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பிரில்லின் கீழ் ஓரத்தை மறு கையால் கீழ்நோக்கிச் சுண்டி இழுங்கள். விரல் அகலத்துக்கு ஓரிடமாக நகர்ந்துகொண்டே போங்கள். சாய்ந்தும் படுத்தும் கிடந்த சுருக்குகள் தையல் கோட்டுக்குச் செங்குத்தாக எழுந்து நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். குவிந்த இடமும் வெறும் இடமும் அப்போதுதான் உண்மையில் தெரியவரும்.

ஒரே ஒரு வரிசை போட்டுச் சுருக்கினால் எவ்வளவு பரப்பினாலும் புரண்டுகொண்டே இருக்கும். இரண்டு வரிசை கட்டாயம். தையலுக்கு 10 மி.மீ. துணி விடுகிறீர்கள் என்றால் ஒரு வரிசை 6 மி.மீ. தூரத்தில், இன்னொன்று 13 மி.மீ. தூரத்தில். இறுதித் தையல் இரண்டுக்கும் நடுவில் ஓடும். சுருக்கு இருபுறமும் பிடிபட்டிருப்பதால் எங்கேயும் நழுவாது. கீழ் வரிசை வெளியே தெரியும், அதைப் பிறகு உருவிவிடலாம். சாட்டின், நெருக்கமாக நெய்த பட்டு மாதிரி ஊசித் துளை மறையாத துணியில் மட்டும் இப்படிச் செய்யாதீர்கள். அங்கே இரண்டு வரிசையையும் விடுப்புத் துணிக்குள்ளேயே (தையலுக்கு வெளியே ஓரத்தில் விடும் துணி), 4 மி.மீ., 8 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தைத்து முடித்த பிறகு சுருக்கு இல்லை, குட்டிக் குட்டி மடிப்புகள் இருக்கின்றன

சுருக்கும்போது அழகாக இருந்தது, மெஷினிலிருந்து வெளியே வந்தபோது மடிந்து போயிருந்தது. குற்றவாளி பிரஷர் ஃபுட், அதாவது துணியை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் பாதம். அடித் துணியை மெஷினின் அடியிலுள்ள பல் இழுத்துக்கொண்டு போகும், மேல் துணியை ஃபுட் முன்னால் தள்ளும். தள்ளப்பட்ட சுருக்குகள் ஒன்றன்மேல் ஒன்று படுத்துத் தைபட்டுவிடுகின்றன.

பிரில் மேலே இருக்கும்படி வைத்தே தையுங்கள். அடியில் போனால் என்ன நடக்கிறது என்றே தெரியாது. மெதுவாக ஓட்டி, ஃபுட்டுக்கு முன்னால் இரண்டு அங்குலம் வரை குத்தூசியின் நுனியால் சுருக்குகளை நேராகப் பிடித்துக்கொடுத்துக்கொண்டே போங்கள். விரலைவிடக் குத்தூசி நல்லது. ஊசிக்குப் பக்கம் வரை போகும், விரலுக்கும் ஆபத்தில்லை. மெஷினில் ஃபுட் அழுத்தத்தைக் குறைக்கும் திருகு இருந்தால் சற்றுத் தளர்த்துங்கள்.

முழுவதையும் பிரிக்க வேண்டாம். மடிப்பு விழுந்த இடத்துக்கு இருபுறமும் முக்கால் அங்குலம் பிரித்து, சுருக்கைக் குத்தூசியால் பரப்பி, மேலேயே ஒரு தடவை ஓட்டினால் சரியாகிவிடும். சுருக்கு வரிசை நூல்களை அதுவரை உருவாமல் வைத்திருந்தால்தான் இது நடக்கும். அதனால் எல்லாம் சரிபார்த்து முடிக்கும் வரை அவற்றைத் தொடாதீர்கள்.

பிரில் தொங்காமல் விரைத்துக்கொண்டு நிற்கிறது

இதற்கு நாலைந்து காரணங்கள் உண்டு. முக்கியமானது துணியை வெட்டிய திசை. பட்டையின் நீளம் துணியின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போக வேண்டும். அப்படி வெட்டினால் சுருக்கின் ஒவ்வொரு மடிப்பும் பாவு நூலின் (கரைக்கு இணையாக ஓடும் நூல்) வாக்கில் கீழே இறங்கும். பாவு நூல்கள் பொதுவாகக் குறுக்கே ஓடும் ஊடை நூல்களைவிட உறுதியாகவும் முறுக்காகவும் இருக்கும். அவை மேலிருந்து கீழாகப் போகும்போது பிரில் நன்றாகத் தொங்கும். இணைப்பு குறையுமே என்று பட்டையைக் கரைக்கு இணையாக நீளமாக வெட்டினால் பாவு நூல்கள் குறுக்கே ஓடி, மடிப்புகள் எதிர்த்து நிற்கும். சந்தேகம் இருந்தால் வெட்டும் முன்பே மிச்சத் துணியை ஒரு தடவை நீளவாக்கிலும் ஒரு தடவை அகலவாக்கிலும் கையில் கொசுவிப் பிடித்துப் பாருங்கள். எது மென்மையாக விழுகிறதோ அந்தத் திசை. சில துணிகளில் வித்தியாசமே தெரியாது. அங்கே இணைப்பு குறையும் திசையையே எடுத்துக்கொள்ளலாம்.

இன்னும் மென்மையாக வேண்டுமென்றால் கிராஸாக, அதாவது 45 பாகையில் வெட்டலாம். அதற்குத் துணி அதிகம் செலவாகும், ஆனால் விழும் அழகே வேறு. கிராஸ் பட்டையை நீளவாக்கில் இரண்டாக மடித்து, மடிப்பைக் கீழ் ஓரமாக வைத்துச் சுருக்கினால் ஓரம் அடிக்கும் வேலையே இல்லை. மெல்லிய துணிக்கு இது மிகவும் பொருந்தும். கனத்த துணியில் இரட்டை அடுக்கு கூடவே கூடாது.

திசை சரி, இருந்தாலும் விரைப்பு என்றால் ஓரத்தைப் பாருங்கள். நடுத்தரக் கனமுள்ள பருத்தியில் அரை அங்குலத்துக்கு இரட்டையாக மடித்து ஓரம் அடித்தால் அங்கே மூன்று அடுக்கு துணி சேர்ந்து கம்பி மாதிரி நிற்கும். ஓரத்தை 3 மி.மீ. அளவுக்கு மெல்லியதாகச் சுருட்டி அடியுங்கள், அல்லது பீக்கோ (ஓரத்தை நெருக்கமாகச் சுற்றிப் போடும் மெஷின் தையல்) போட்டுவிடுங்கள். மேலே தையல் விடுப்பில் குவியும் துணியும் பிரில்லை வெளியே தள்ளும். பிரில்லின் விடுப்பை 5 மி.மீ. வரை வெட்டிவிட்டு, உடையின் விடுப்பைச் சற்று அதிகமாக விட்டு, இரண்டையும் உடைப் பக்கமாகத் திருப்பி இஸ்திரி போட்டு, மேலிருந்து ஓரத்தில் ஒரு தையல் போட்டால் பிரில் அடங்கிப்போகும். புதுத் துணியில் கஞ்சி இருந்தால் ஒரு தடவை நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டுங்கள்.

பிரில் என்று சொல்ல முடியாதபடி சப்பையாக இருக்கிறது

துணி போதவில்லை, அவ்வளவுதான். பட்டையின் நீளத்தைத் தையல் கோட்டின் நீளத்தால் வகுத்துப் பாருங்கள். கனத்த துணிக்கு ஒன்றரை மடங்கு போதும். சாதாரணப் பருத்திக்கு இரண்டு. ஷிஃபான், ஜார்ஜெட், நெட் போன்றவற்றுக்கு இரண்டரை முதல் மூன்று. பிரில்லின் அகலம் கூடக் கூட மடங்கும் கூட வேண்டும். இரண்டு அங்குலப் பிரில்லுக்கு அழகாகத் தெரியும் சுருக்கு எட்டு அங்குலப் பிரில்லில் காணாமலே போய்விடும்.

கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். ஸ்கர்ட்டின் கீழ்ச் சுற்றளவு 60 அங்குலம், பருத்தி, இரண்டு மடங்கு என்றால் 120 அங்குலப் பட்டை வேண்டும். 44 அங்குல அகலத் துணியில் கரைக்குக் கரை மூன்று பட்டை வெட்டினால் 132. வட்டமாகச் சேர்க்க மூன்று இணைப்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு அங்குலம் போனாலும் 129 மிஞ்சும். கைக்கு அடங்கும். ஆனால் இதே ஸ்கர்ட்டுக்கு ஜார்ஜெட்டில் மூன்று மடங்கு என்றால் 180 அங்குலம், அதாவது ஐந்து பட்டை. பலர் மூன்றிலேயே நிறுத்திவிட்டு, இஸ்திரி போட்டால் எழும்பும் என்று எதிர்பார்க்கிறார்கள். எழும்பாது.

துணி தீர்ந்துபோய்விட்டது என்றால், பிரில்லின் அகலத்தைக் குறைத்து, வெட்டி எடுத்த மிச்சத்தையே இன்னொரு பட்டையாகச் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். சுருக்குக்குப் பதிலாகப் பிளீட் (ஒரே அளவில் மடித்துத் தைக்கும் மடிப்பு) போடலாம் என்ற யோசனை மட்டும் வேண்டாம். நெருக்கமாக ஒன்றையொன்று தொட்டு வரும் பிளீட்டுக்கு மூன்று மடங்கு துணி வேண்டும். ஒரு அங்குலம் தெரிய மூன்று அங்குலம் போகும். பாக்ஸ் பிளீட்டுக்கும் அதே கணக்குத்தான்.

வட்டப் பிரில் கழுத்தோடு சேரவில்லை: மீந்துபோகிறது அல்லது இழுக்கிறது

சுருக்கே இல்லாமல் அலையாக விழும் வட்டப் பிரில்லில்தான் கணக்கு அதிகம், அதனால் கோளாறும் அதிகம். இதன் அடிப்படை ஒன்றே. வட்டத்தின் உள் விளிம்பு உங்கள் தையல் கோட்டின் நீளத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். தையல் நீளத்தை 6.28-ஆல் வகுத்தால் உள் ஆரம் கிடைக்கும். கழுத்துச் சுற்று 20 அங்குலம் என்றால் ஒரே வட்டத்துக்கு உள் ஆரம் 3.18 அங்குலம். இரண்டு வட்டமாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 10 அங்குலத்துக்கு, ஆரம் 1.59.

ஏன் பிரிக்க வேண்டும்? அலையின் அளவு அங்கேதான் முடிவாகிறது. 3 அங்குல அகலப் பிரில் என்றால், உள் ஆரம் எதுவாக இருந்தாலும் ஒரு முழு வட்டம் கீழ் ஓரத்தில் 18.8 அங்குலத்தைக் கூட்டுகிறது. ஒரு வட்டம் போட்டால் 20 அங்குல மேல் விளிம்புக்குக் கீழே சுமார் 39 கிடைக்கும், மென்மையான அலை. இரண்டு போட்டால் சுமார் 58, அலை நெருக்கமாகும். மூன்று போட்டால் 76-ஐத் தாண்டும். "வட்டப் பிரில் வெட்டினேன், அலையே வரவில்லை" என்பவர்கள் பெரும்பாலும் ஒரே பெரிய வட்டத்தில் முடித்தவர்கள். அகலத்தைக் கூட்டாமலேயே வட்டத்தின் எண்ணிக்கையைக் கூட்டி அலையை ஏற்றலாம்.

சரி, பிரில் மீந்துபோவது ஏன்? மேலே சொன்ன ஆரம் தையல் கோட்டுக்கானது. கத்தரி போக வேண்டிய கோடு அதற்கு உள்ளே, மையத்தை நோக்கி, விடுப்பு அளவுக்குத் தள்ளி இருக்க வேண்டும். 3.18 ஆரம், விடுப்பு முக்கால் அங்குலத்தில் பாதி என்றால், 2.8-இல் வெட்ட வேண்டும். 3.18-லேயே வெட்டிவிட்டு அங்கிருந்து விடுப்பு தள்ளித் தைத்தால், தையல் கோடு ஒரு வட்டத்துக்கு 2.35 அங்குலம் நீண்டுவிடும். இரண்டு வட்டம் என்றால் கிட்டத்தட்ட ஐந்து அங்குலம் மிச்சம்! அளவெடுத்ததில் பிழை தேடிப் பயனில்லை. மீந்ததை இணைப்புத் தையலில் உள்ளே தள்ளி வெட்டிவிடலாம். ஓரிரு அலை குறையும், வேறு கெடுதல் இல்லை.

பிரில் சிறியதாகி இழுத்தால், முதலில் கட் கொடுத்தீர்களா என்று பாருங்கள். உள் வளைவு நேராக விரிந்தால்தான் கழுத்தோடு சேரும். தையல் கோட்டுக்கு ஒரு நூல் உள்ளே, விடுப்பில், சாதாரணத் தையல் ஒன்று ஓட்டிவிட்டு, அந்தத் தையல் வரை அரை அங்குலத்துக்கு ஒன்றாகக் கட் கொடுங்கள். அந்தப் பாதுகாப்புத் தையல் இல்லாமல் கட் கொடுத்தால் துணி கிழிந்துகொண்டே போகும், வளைவும் கைபட்டு நீண்டுவிடும். கட் கொடுத்தும் இழுத்தால், உள் விளிம்பை 3 மி.மீ. செதுக்குங்கள். அந்த 3 மி.மீ. ஒரு வட்டத்துக்கு ஏறக்குறைய 19 மி.மீ. நீளம் தரும். அதனால் தாராளமாகச் செதுக்காதீர்கள். கொஞ்சம் செதுக்கி, வைத்துப் பார்த்து, பிறகு மீண்டும் என்று போவதே பாதுகாப்பு. ஒரு வட்டத்தை வெட்டித் திறக்கும் இடத்தில் இருபுறமும் இணைப்புக்குத் துணி போகும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சின்ன ஆரத்தில் அதுவே போதுமான அளவுக்குக் குறைத்துவிடும்.

வட்டப் பிரில்லின் கீழ் ஓரம் ஏறி இறங்குகிறது

வட்டத்தில் சில இடம் பாவு வாக்கில், சில இடம் ஊடை வாக்கில், இடைப்பட்ட இடங்கள் கிராஸில் விழும். கிராஸ் பகுதி தன் எடையிலேயே நீளும். ஷிஃபானும் கிரேப்பும் இதில் மோசம். அதனால் ஓரம் அடிக்கும் முன் பிரில்லை உடையில் சேர்த்து, ஹேங்கரில் ஒரு நாள் தொங்கவிடுங்கள். பிறகு மேல் தையலிலிருந்து கீழே அளந்து, நீண்ட இடங்களை வெட்டிச் சமப்படுத்தி, அதன்பின் ஓரம் அடியுங்கள். நேர்ப் பட்டைப் பிரில்லுக்கு ஓரம் முதலில், சுருக்கு பிறகு. வட்டத்துக்கு இது தலைகீழ். இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வரும் கோளாறுதான் இது.

ஓரம் கயிறு போல முறுக்கிக்கொள்கிறது

வட்ட ஓரத்தில் அகலமான மடிப்பு போட முடியாது. வெளி விளிம்பு நீளம் அதிகம், உள்ளே திரும்பும்போது அந்த மிச்சம் எங்காவது போக வேண்டும், சாய்வான சுருக்கமாக வந்து நிற்கும். இப்படிச் செய்யுங்கள்: விளிம்பிலிருந்து 6 மி.மீ. தள்ளி ஒரு தையல். அந்தத் தையல் கோட்டிலேயே மடித்து, மடிப்பை ஒட்டி இன்னொரு தையல். இப்போது மிஞ்சிய விளிம்பைத் தையலை ஒட்டி நறுக்கிவிடுங்கள். கூரான சின்னக் கத்தரி வேண்டும், அவசரம் கூடாது. இன்னொரு தடவை மடித்து, பழைய தையலின் மேலேயே ஓட்டுங்கள். 3 மி.மீ.க்கும் குறைவான ஓரம் கிடைக்கும். முதல் தையல் துணியைப் பிடித்துவைத்திருப்பதால் முறுக்காது.

நேர்ப் பட்டையிலும் முறுக்குகிறது என்றால், பட்டை நூல் வாக்கில் நேராக வெட்டப்படவில்லை. பருத்தியில் ஒரு கட் கொடுத்துக் கிழித்தே பட்டை எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. கிழிந்த விளிம்பை இஸ்திரி போட்டுச் சமன் செய்துகொண்டால் போதும்.

மெல்லிய துணியை மெஷின் உள்ளே இழுத்துக்கொள்கிறது

ஊசியை மாற்றுங்கள். ஷிஃபானுக்கு 9 அல்லது 11ஆம் எண், புதியது. முனை மழுங்கிய ஊசி துணியைத் துளைக்காமல் துளைக்குள் தள்ளும். தொடக்கத்தில் இரண்டு நூல் முனைகளையும் பின்னால் பிடித்துக்கொண்டு, விளிம்பிலேயே தொடங்காமல் அரை அங்குலம் உள்ளே தொடங்குங்கள். அடியில் மெல்லிய காகிதப் பட்டை வைத்துத் தைத்து, பிறகு கிழித்து எடுக்கலாம்.

நடுவில் சுருக்கிய பிரில் ஒரு பக்கமாகச் சாய்கிறது

இருபுறமும் ஓரம் தெரியும் இரட்டைப் பிரில்லில் கண் மதிப்பில் நடுவைப் பிடிக்க முடியாது. ஓரங்கள் இரண்டையும் அடித்து முடித்தபின் பட்டையை நீளவாக்கில் சரிபாதியாக மடித்து, மடிப்பில் மட்டும் லேசாக இஸ்திரி போடுங்கள். அந்தக் கோட்டுக்கு இருபுறமும் 3 மி.மீ. தள்ளி ஒவ்வொரு சுருக்குத் தையல். உடையில் தைக்கும்போது கோட்டின் மேலேயே ஓட்டுங்கள். மேலே சின்னத் தலைப்பு (சுருக்குத் தையலுக்கு மேலே நிற்கும் துணி) விட்ட பிரில்லில் தலைப்பு முன்னால் கவிழ்கிறது என்றால் அது அகலமாகிவிட்டது. எனக்குத் தெரிந்து அரை அங்குலத்திலிருந்து முக்கால் அங்குலத்துக்குள் வைத்தால்தான் நிற்கிறது.

காலர் மூலையில் பிரில் கிண்ணம் போலக் குவிகிறது

மூலையைச் சுற்றும்போது பிரில்லின் வெளி ஓரம் போக வேண்டிய தூரம் அதிகம். எல்லா இடத்திலும் ஒரே அளவு சுருக்கு வைத்தால் அங்கே துணி போதாமல் உள்ளே இழுக்கும். மூலைக்கு இருபுறமும் ஒரு அங்குலத்துக்குள் சுருக்கை ஏறக்குறைய இரண்டு பங்கு நெருக்கமாகத் தள்ளுங்கள். முடிந்தால் மூலையையே சற்று வளைவாக்கிவிடுங்கள். காலர் கிழிந்த மாதிரி தெரியாது, வேலையும் எளிது.

அடுக்குப் பிரில் மேல் உடையைக் கீழே இழுக்கிறது

ஒவ்வொரு அடுக்குக்கும் இரண்டு மடங்கு என்று போனால் நாலாவது அடுக்கில் துணி எட்டு மடங்கு. எடை அங்கேதான் ஏறுகிறது. ஒன்றரை மடங்கு போதும்: 40, 60, 90 என்று. இடுப்பிலோ யோக்கிலோ (உடையின் மேல்பகுதித் துண்டு) உள்பக்கமாக நீளாத நாடா ஒன்றைத் தையலோடு சேர்த்துத் தைத்துவிட்டால் அந்தத் தையல் இறங்காது. நிட் (பின்னல்) துணியில் இது இன்னும் அவசியம், ஆனால் போட்டுக் கழற்றும்போது விரிய வேண்டிய இடமென்றால் நாடாவுக்குப் பதில் மெல்லிய எலாஸ்டிக். ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியாக லைனிங்கில் தைக்கும் வகையில், மேல் அடுக்கு கீழ் அடுக்கின் தையலை ஒரு அங்குலமாவது மூட வேண்டும். நடக்கும்போதும் உட்காரும்போதும் தையல் எட்டிப் பார்ப்பது இந்த ஒரு அங்குலம் இல்லாததால்தான்.

நிட் துணியின் ஓரம் அலையாக வரவில்லை

கீரை இலை ஓரம் மாதிரி நெளிய வேண்டும் என்று ஜிக்ஜாக் போட்டீர்கள், ஓரம் சமமாகவே இருக்கிறது. ஓரம் இழுபடும் திசையில் வெட்டப்பட்டிருக்க வேண்டும், நீளாத திசையில் என்ன செய்தாலும் நெளியாது. தையல் நீளம் 1 மி.மீ.க்குள் நெருக்கமாக இருக்க வேண்டும். ஃபுட்டுக்கு முன்னும் பின்னும் பிடித்து ஓரத்தை நன்றாக இழுத்துக்கொண்டே தைக்க வேண்டும். ஆனால் ஊசியை வளைக்கிற அளவுக்கு இழுக்காதீர்கள், உடையும்.

துவைத்த பிறகு பிரில் உருமாறிவிட்டது

உடையும் பிரில்லும் வேறு வேறு துணி, பருத்தி சுருங்கியது, மற்றது சுருங்கவில்லை என்றால் சேர்ந்த தையல் நெளியும். இதைத் தைத்தபின் திருத்த வழியில்லை, இரண்டையும் வெட்டும் முன்பே நனைக்க வேண்டும். வெறும் கசங்கல் என்றால் இஸ்திரிதான் பிரச்சினை. பிரில்லைப் பலகையில் படுக்கவைத்து மேலே அழுத்தித் தேய்த்தால் சுருக்குகள் மடிப்பாகப் பதிந்துவிடும். உள்பக்கத்தைத் திருப்பி, கீழ் ஓரத்திலிருந்து தொடங்கி, இஸ்திரிப் பெட்டியின் முனையை ஒவ்வொரு சுருக்குக்குள்ளும் தையல் கோட்டை நோக்கி நுழைத்து நுழைத்து எடுங்கள். மறு கையால் தையலைப் பலகை விளிம்பில் இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். ஷிஃபானுக்குப் பெட்டியையே தொடவிட வேண்டாம், குளியலறை நீராவியில் சற்று நேரம் தொங்கவிட்டாலே இறங்கிவிடும்.